சிஆர்பி எவ்வளவு? நெஞ்சுத் தொற்று ஆய்வுகள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

நாலு நாளாக இருமல், காய்ச்சல், லேசாக மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போனால், இப்போதெல்லாம் ஸ்டெதாஸ்கோப்போடு விஷயம் முடிவதில்லை. "ஒரு பிளட் டெஸ்ட் பாத்துடலாம்" என்பார். சாயங்காலத்துக்குள் செல்போனுக்கு ரிப்போர்ட் வந்துவிடும். டோட்டல் கவுண்ட், இஎஸ்ஆர், சிஆர்பி இருக்கும். கொஞ்சம் பெரிய ஆஸ்பத்திரி என்றால் ப்ரோகால்சிடோனினும் இருக்கும். அந்த எண்களைப் பார்த்து, ஆன்டிபயாட்டிக் வேண்டுமா வேண்டாமா என்று முடிவாகும். வீட்டுக்கு வந்தால் போனில் விசாரிக்கிற சொந்தக்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்: "சிஆர்பி எவ்வளவு?"

அந்த எண் உடம்பைப் பற்றி என்ன சொல்கிறது என்று நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். அது டாக்டரின் முடிவை எப்படி மாற்றுகிறது, அப்படி மாற்றுவதற்கான ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதுதான் இந்தக் குறிப்பின் விஷயம். நான் மருத்துவன் இல்லை. பி.இ. படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் யாராவது வந்து "இந்தக் கருவியைப் போட்டதும் வேகம் இரண்டு மடங்கு ஆயிடுச்சு" என்று சொன்னால், எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி: "எதோட ஒப்பிட்டு?" அந்த ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்தத் துறையின் முக்கியமான சில ஆய்வுகளைப் படித்துப் பார்த்தேன். படித்ததன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பரிசோதனைகள் டாக்டருக்குத் தரும் புதுத் தகவல் குறைவு. தருவது பெரும்பாலும் தைரியம். அந்தத் தைரியத்தை வேறு வழிகளிலும் தர முடியும் என்பதற்கு அதே ஆய்வுகளிலேயே ஆதாரம் இருக்கிறது.

எண் எங்கிருந்து வருகிறது

சிஆர்பி பிறந்ததே நிமோனியாவில்தான். 1930-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் இன்ஸ்டிட்யூட்டில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நிமோகாக்கஸ் பாக்டீரியாவின் சுவரிலிருந்து பிரித்தெடுத்த, 'சி' என்று பெயரிட்ட ஒரு சர்க்கரைப் பொருளோடு அந்த ரத்தத்தின் ஏதோ ஒன்று சேர்ந்து படிவதைக் கவனித்தார்கள். 'சி'யோடு வினை புரியும் புரதம் என்பதால் சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சிஆர்பி. முதலில் இது அந்த பாக்டீரியாவுக்கே உரிய அடையாளம் போலத் தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, உடம்பில் எந்த அழற்சி வந்தாலும் இது ஏறும் என்று. மாரடைப்பு, அறுவை சிகிச்சை, மூட்டுவாதம், கீழே விழுந்து எலும்பு முறிவது, எல்லாவற்றுக்கும் ஏறும். கொரோனா ஒரு வைரஸ் நோய். ஆனால் அதிலும் சிஆர்பி நூறைத் தாண்டியதைப் பல குடும்பங்கள் பார்த்தன. பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில் டோசிலிசுமாப் மருந்துக்குத் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுக்க வைத்த நிபந்தனைகளில் ஒன்றே, சிஆர்பி லிட்டருக்கு 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பதுதான். அங்கே அது பாக்டீரியாவைக் காட்டவில்லை. வைரஸ் கிளப்பிவிட்ட அழற்சியைக் காட்டியது.

இன்னொரு விஷயம் நேரம். அழற்சி தொடங்கியதும் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞை கல்லீரலுக்குப் போக வேண்டும், கல்லீரல் இந்தப் புரதத்தைத் தயாரிக்க வேண்டும். ரத்தத்தில் ஏறுவது தெரிய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். உச்சத்தைத் தொட ஏறக்குறைய 48 மணி நேரம். உற்பத்தி நின்ற பிறகு பாதியாகக் குறைய சுமார் 19 மணி நேரம். அதாவது இது தாமதமாக அடிக்கும் மணி. காய்ச்சல் தொடங்கிய அன்றே எடுத்த ரத்தத்தில் 15 என்று வந்தால் அது நிம்மதியான 15-ஆ, மேலே போய்க்கொண்டிருக்கிற 15-ஆ என்று அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. சர்வர் கண்காணிப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே தெரியும். ஒரு புள்ளியை வைத்து யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. கோடு எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்ப்போம்.

ப்ரோகால்சிடோனின் கதை கொஞ்சம் வேறு. அது தைராய்டு சுரக்கும் கால்சிடோனின் என்ற ஹார்மோனின் முன்வடிவம். கடுமையான பாக்டீரியா தொற்றில் அது பல மடங்கு ஏறுகிறது என்று 1993-ல் லான்செட் இதழில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதினார்கள். வைரஸ் தொற்றில் உருவாகும் சில சமிக்ஞைகள் அதன் உற்பத்தியை அடக்கவும் செய்கின்றன. எனவே பாக்டீரியாவா வைரஸா என்று பிரித்துச் சொல்லும் பரிசோதனை கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை எழுந்தது. நியாயமான நம்பிக்கைதான். எண்களில் அது எப்படித் தேறியது என்று பார்ப்போம்.

ஒரு சின்னக் கணக்கு

நிமோனியாவில் ப்ரோகால்சிடோனின் பாக்டீரியாவையும் வைரஸையும் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று 12 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வு 2020-ல் வெளியானது. பாக்டீரியா நிமோனியா உள்ளவர்களில் 55 சதவீதம் பேரைத்தான் அது சரியாகப் பிடித்தது. வைரஸ் நிமோனியா உள்ளவர்களில் 76 சதவீதம் பேரை 'பாக்டீரியா இல்லை' என்று சரியாக விட்டது.

55, 76 என்றால் சுமாராகத் தேறிவிட்ட மாதிரி தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமோனியாவோடு 100 பேர் வருகிறார்கள். அதில் 30 பேருக்கு பாக்டீரியா, 70 பேருக்கு வைரஸ் என்று வைத்துக்கொள்வோம். பாக்டீரியா உள்ள 30 பேரில் சுமார் 16 பேருக்கு 'ஆம்' என்று வரும், 14 பேர் தப்பிவிடுவார்கள். வைரஸ் உள்ள 70 பேரில் சுமார் 17 பேருக்குத் தப்பாக 'ஆம்' என்று வரும். ஆக 'ஆம்' என்று வந்தவர்கள் 33 பேர். அதில் பாதிக்குத்தான் பாக்டீரியா. 'இல்லை' என்று வந்தவர்கள் 67 பேர். அதில் ஐந்தில் ஒருவருக்கு பாக்டீரியா இருக்கிறது. பரிசோதனைக்கு முன்னால் டாக்டருக்குத் தெரிந்தது 30 சதவீத வாய்ப்பு. பரிசோதனைக்குப் பின் அது 50 ஆகிறது அல்லது 20 ஆகிறது. ஐந்தில் ஒருவருக்கு பாக்டீரியா நிமோனியா இருக்கலாம் என்ற நிலையில் எந்த டாக்டரும் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தி வைக்கத் துணிய மாட்டார். துணியவும் கூடாது.

இதனால்தான் அமெரிக்கன் தொராசிக் சொசைட்டியும் அங்குள்ள தொற்றுநோய் மருத்துவர்களின் சங்கமும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட நிமோனியா வழிகாட்டி, எக்ஸ்ரேயில் நிமோனியா உறுதியானால் ப்ரோகால்சிடோனின் எவ்வளவு என்று பார்க்காமல் ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டது.

இதற்கும் அடியில் ஒரு ஓட்டை இருக்கிறது. பாக்டீரியா, வைரஸ் என்று நான் பிரித்தேனே, அந்தப் பிரிவினையையே யாராலும் முழுசாகச் செய்ய முடிவதில்லை. அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட, எக்ஸ்ரேயில் நிமோனியா உறுதியான இரண்டாயிரத்துச் சொச்சம் பெரியவர்களிடம் கிடைக்கிற எல்லாப் பரிசோதனைகளையும் செய்து பார்த்தார்கள். 2015-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான அந்த ஆய்வில், கிருமி ஏதாவது கிடைத்தது 38 சதவீதம் பேரிடம்தான். மீதி 62 சதவீதம் பேருக்கு எதனால் நிமோனியா வந்தது என்றே பிடிபடவில்லை. ஆக, ஒரு ரத்தப் பரிசோதனை பாக்டீரியாவைச் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கும்போது, விடை தெரிந்த சின்னக் கூட்டத்தை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். விடைத்தாள் இல்லாத மீதிப் பேரிடமும் அதே மதிப்பெண் செல்லும் என்று எடுத்துக்கொள்வது ஒரு நம்பிக்கைதான்.

பேச்சுக்கும் எந்திரத்துக்கும் நடந்த போட்டி

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுக்கு வருகிறேன். 2009-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது, நெதர்லாந்தில் நடந்தது. 20 கிளினிக்குகள், 40 குடும்ப டாக்டர்கள், நெஞ்சுத் தொற்றோடு வந்த 431 நோயாளிகள். சில கிளினிக்குகளுக்கு விரல் நுனி ரத்தத்தில் சில நிமிஷத்தில் சிஆர்பி பார்க்கும் எந்திரத்தைக் கொடுத்தார்கள். சில கிளினிக்குகளின் டாக்டர்களுக்கு நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று பயிற்சி கொடுத்தார்கள். சில இடங்களுக்கு இரண்டும், சில இடங்களுக்கு இரண்டும் இல்லை.

எந்திரம் இருந்த இடத்தில் 31 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டது. எந்திரம் இல்லாத இடத்தில் 53 சதவீதம். பெரிய வித்தியாசம். இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டால் 'சிஆர்பி ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்கிறது' என்று ஒரு தலைப்பு தயார். ஆனால் அடுத்த வரி என்ன சொல்கிறது? பேசப் பயிற்சி பெற்ற டாக்டர்கள் 27 சதவீதம் பேருக்கு எழுதினார்கள். பயிற்சி பெறாதவர்கள் 54 சதவீதம் பேருக்கு. இரண்டும் சேர்ந்த இடத்தில் 23 சதவீதம். எந்தக் குழுவிலும் நோயாளிகள் குணமாவதிலோ அவர்களின் திருப்தியிலோ பெரிய வேறுபாடு இல்லை.

அந்தப் பயிற்சியில் அப்படி என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? பிரமாதமாக ஒன்றும் இல்லை. உங்களுக்கு எது பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். ஆன்டிபயாட்டிக் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். இந்த இருமல் சாதாரணமாக எத்தனை நாள் இருக்கும் என்று சொல்லுங்கள். கடைசி விஷயம் சின்னதாகத் தெரியலாம். 2013-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வின்படி, சளியோடு வரும் இருமல் சராசரியாக 18 நாள் நீடிக்கிறது. மக்கள் எதிர்பார்ப்பதோ 7 முதல் 9 நாள். இந்த இடைவெளியில்தான் பாதி ஆன்டிபயாட்டிக் விற்பனை நடக்கிறதோ என்று எனக்குத் தோன்றும். பத்தாவது நாளும் இருமல் நிற்கவில்லை என்றால் 'ஏதோ பெருசா இருக்கு' என்று பயப்படுகிறோம். டாக்டரும் அந்தப் பயத்துக்கு ஒரு மாத்திரை எழுதுகிறார்.

அதே டாக்டர்களை மூன்றரை வருஷம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். பேசப் பயிற்சி பெற்றவர்கள் அப்போதும் குறைவாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள்: 26 சதவீதம், பயிற்சி இல்லாதவர்கள் 39. எந்திரம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் 31-க்கும் 36-க்கும் இடையே சுருங்கி, புள்ளியியல் கணக்கில் ஒரு பொருட்டாக நிற்கவில்லை. சிஆர்பி உண்மையிலேயே நோயைப் பற்றி டாக்டருக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லியிருந்தால் அதன் பலன் ஏன் தேய வேண்டும்? புரதத்தின் வேதியியல் மூன்றரை வருஷத்தில் மாறிவிடவில்லையே. அந்த எண் செய்த வேலையின் பெரும்பகுதி ஒரு அனுமதிச் சீட்டின் வேலை என்று நான் படிக்கிறேன். 'மருந்து வேண்டாம்' என்று டாக்டருக்கு ஏற்கெனவே தோன்றியிருந்தது. அதைச் சொல்ல ஒரு துணை வேண்டியிருந்தது. "பாருங்க, ரத்தத்திலயே ஒண்ணும் இல்ல" என்று எண்ணைக் காட்டினால் நோயாளி ஏற்றுக்கொள்கிறார். நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கு அந்தத் துணை அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

ஸ்விட்சர்லாந்தில் ஜெயித்தது, அமெரிக்காவில் தோற்றது

ப்ரோகால்சிடோனினுக்கும் இப்படி ஒரு ஜோடி உண்டு. 2009-ல் ஜாமா இதழில் வந்த ப்ரோஹாஸ்ப் ஆய்வு: ஸ்விட்சர்லாந்தின் 6 ஆஸ்பத்திரிகள், 1359 நோயாளிகள். 0.25-க்குக் கீழே இருந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டாம், 0.1-க்குக் கீழே என்றால் கண்டிப்பாக வேண்டாம், மேலே போனால் கொடு என்று ஒரு விதி. விதிப்படி நடந்த குழுவில் ஆன்டிபயாட்டிக் சராசரியாக 5.7 நாள், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 8.7 நாள். நோயாளிகளுக்குக் கெடுதல் கூடவில்லை. மருந்தின் பக்கவிளைவுகள் குறைந்தன. பெரிய வெற்றி.

2018-ல் ப்ரோஆக்ட் ஆய்வு: அமெரிக்காவின் 14 ஆஸ்பத்திரிகள், 1656 நோயாளிகள், அதே எண்களை வைத்து அதே மாதிரி விதி. பரிசோதனைக் குழுவில் 4.2 நாள், வழக்கமான சிகிச்சையில் 4.3 நாள். ஒரு பயனும் இல்லை.

அதே ரசாயனம், அதே எண், ஒரு இடத்தில் மூன்று நாள் மிச்சம், இன்னொரு இடத்தில் பூஜ்யம். நோயாளிகள் வேறு மாதிரியானவர்கள் என்பது ஒரு காரணம். ஸ்விஸ் ஆய்வில் பெரும்பாலோர் நிமோனியாக்காரர்கள். அமெரிக்க ஆய்வில் ஐந்தில் ஒருவருக்குத்தான் நிமோனியா, மற்றவர்கள் ஆஸ்துமா, சிஓபிடி, பிராங்கைட்டிஸ் வகை. டாக்டர்கள் விதியை எல்லா நேரமும் பின்பற்றவில்லை என்பது இன்னொரு காரணம். ஆனால் முக்கியமானது ஒப்பீட்டுக் குழு. 8.7 நாள் கொடுக்கும் வழக்கத்தோடு ஒப்பிட்டால் எதுவுமே ஜெயிக்கும். 4.3 நாள் கொடுக்கும் வழக்கத்தோடு ஒப்பிட்டால் குறைக்க இடமே இல்லை. எதோடு ஒப்பிட்டு என்ற கேள்வியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

இங்கேயும் 'பேச்சு'க்கு ஒரு தம்பி இருக்கிறான். ஸ்பெயினில் 4 ஆஸ்பத்திரிகளில் 312 நிமோனியா நோயாளிகளை வைத்து ஒரு சோதனை, 2016-ல் வெளியானது. ஐந்தாம் நாள் வரை மருந்து. அதற்குள் 48 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல், நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் இவையெல்லாம் ஏறக்குறைய சீராக இருந்தால் நிறுத்திவிடு. இன்னொரு குழுவில் டாக்டர்கள் தங்கள் வழக்கப்படி. முதல் குழுவில் நடுமதிப்பு 5 நாள், இரண்டாவதில் 10 நாள். குணமாவதில் வித்தியாசம் இல்லை. வேண்டியிருந்த கருவிகள் ஒரு தெர்மாமீட்டரும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும், ஒரு நாட்காட்டியும். ஸ்விஸ் ஆய்வின் ஒப்பீட்டுக் குழுவுக்கு இந்த விதியைக் கொடுத்திருந்தால் ப்ரோகால்சிடோனின் எத்தனை நாளை மிச்சம் பிடித்திருக்கும்?

எதிர்த்தரப்பு வாதம்

இதையெல்லாம் வைத்து 'பிளட் டெஸ்ட் எல்லாம் ஏமாத்து' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். எதிர்த்தரப்புக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது.

முதலில், டாக்டரின் காது ஒன்றும் தங்கம் இல்லை. 12 ஐரோப்பிய நாடுகளில் இருமலோடு குடும்ப டாக்டரிடம் வந்த சுமார் 2800 பேருக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. 140 பேருக்கு, அதாவது இருபதில் ஒருவருக்கு, நிமோனியா இருந்தது. எக்ஸ்ரேக்கு முன்னால் டாக்டர்கள் அதில் 41 பேரைத்தான் சந்தேகித்திருந்தார்கள். பத்தில் ஏழு பேரைத் தவறவிட்டார்கள். அறிகுறிகளோடு சிஆர்பி 30-க்கு மேல் இருக்கிறதா என்பதையும் சேர்த்தால் கணிப்பு மேம்பட்டது. நிமோனியா உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் பக்கத்தில் நிறுத்தினால், அறிகுறிகளை மட்டும் வைத்துச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 100-க்கு 70. சிஆர்பியையும் சேர்த்தால் 77. காசு சுண்டினாலே 50 வரும் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் 7 என்பது சும்மா தள்ளிவிடக்கூடியது இல்லை. ப்ரோகால்சிடோனினைச் சேர்த்தபோது சொல்லும்படியான கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

இரண்டாவது, தைரியத்துக்கும் விலை உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 86 கிளினிக்குகளில், சிஓபிடி முற்றிய 653 பேரிடம் நடந்த பேஸ் ஆய்வில், சிஆர்பி பார்த்த குழுவில் 57 சதவீதம் பேர் ஆன்டிபயாட்டிக் எடுத்தார்கள், பார்க்காத குழுவில் 77 சதவீதம். நோய் மோசமாகவில்லை. வியட்நாமின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில் 64-க்கு 78. கூட்டம் நிரம்பி வழியும் ஒரு சுகாதார நிலையத்தில், ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச டாக்டருக்கு நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. அங்கே இரண்டு நிமிஷத்தில் பேசி முடிக்க ஓர் எண் உதவினால் அதுவும் உதவிதான். என் குறை ஒன்றே ஒன்று: இந்த இரண்டு ஆய்விலும் ஒப்பிட்டது வழக்கமான சிகிச்சையோடு. பேசப் பயிற்சி கொடுத்த ஒரு மூன்றாவது குழு அங்கே இல்லை. அது இருந்தால்தான் எந்திரத்துக்குக் கொடுக்கும் காசு எதை வாங்குகிறது என்று தெரியும்.

வரிசை தலைகீழானால்

நான் மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் டாக்டர் பார்க்கிறார், அதற்குப் பிறகுதான் ரத்தம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014-ல் சொன்னதும் அந்த வரிசையில்தான்: பரிசோதித்த பிறகும் நிமோனியாவா இல்லையா என்று தெளிவாகவில்லை என்றால் மட்டும் சிஆர்பி பாருங்கள். 20-க்குக் கீழே இருந்தால் ஆன்டிபயாட்டிக் வழக்கமாக வேண்டாம். 20 முதல் 100 வரை என்றால் சீட்டை எழுதிக் கொடுத்து, மோசமானால் மட்டும் வாங்கச் சொல்லுங்கள். 100-க்கு மேல் என்றால் கொடுங்கள்.

நம்ம ஊரில் நிறைய பேருக்கு இது தலைகீழாக நடக்கிறது. லேபில் 'ஃபீவர் பேக்கேஜ்' கிடைக்கிறது. முதலில் ரத்தம், அப்புறம் டாக்டர். ரிப்போர்ட்டில் சிஆர்பிக்கு நேராக 'இயல்பு அளவு 5-க்குக் கீழ்' என்ற மாதிரி அச்சிட்டு, 18 என்று வந்தால் தடித்த எழுத்திலோ சிவப்பிலோ காட்டுகிறார்கள். கவனித்தீர்களா? 5 என்பது ஆரோக்கியமாக இருப்பவரின் அளவு. இருமல் காய்ச்சலோடு வந்தவருக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்பதற்கு நைஸ் போட்ட கோடு 20, 100. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான கோடுகள். அதே 18, வழிகாட்டியின்படி 'மருந்து வேண்டாம்' பக்கம். லேப் ரிப்போர்ட்டின்படி 'அதிகம்'. அந்தச் சிவப்பு எழுத்தோடு உள்ளே நுழையும் நோயாளியிடம் "ஒண்ணும் வேண்டாம், தானா சரியாகும்" என்று சொல்ல டாக்டருக்கு இப்போது கூடுதல் தைரியம் வேண்டும். அங்கே அனுமதிச் சீட்டாக வேலை செய்த எண், இங்கே அழுத்தமாக வேலை செய்கிறது. ஆய்வு நடந்த இடத்தில் ஆன்டிபயாட்டிக்கைக் குறைத்த அதே பரிசோதனை, வரிசை மாறினால் கூட்டவும் செய்யும்.

இந்தியாவுக்கே உரிய இன்னொரு ஆபத்து காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டு காசநோய்த் திட்டத்தின் விதி. அந்தச் சோதனை அரசு நிலையங்களில் இலவசம். சிஆர்பி ஏறியிருந்தாலும் அது காசநோயா என்று சொல்லாது. குறைவாக இருந்தாலும் அது இல்லை என்று சொல்லாது. ஆனால் ஏறிய எண்ணைப் பார்த்து லெவோஃப்ளாக்சசின் மாதிரி ஒரு மருந்தைக் கொடுத்தால், அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். ஆள் தேறிய மாதிரி தெரியும், இரண்டாவது தடவை எடுத்த சிஆர்பியும் இறங்கியிருக்கும், எல்லோருக்கும் திருப்தி. நோய் கண்டுபிடிக்கப்படாமல் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். அதற்குள் வீட்டில் இருப்பவர்களுக்கும் பரவலாம். இங்கே தப்பான விடையை விட மோசமானது, சரியான கேள்வியைக் கேட்கவிடாமல் ஓர் எண் திருப்தி தந்துவிடுவது.

ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்க்கும்போது

நெஞ்சுத் தொற்றில் யாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்ய டாக்டர்கள் பயன்படுத்தும் அளவுகோல்களில் பிரபலமானது கர்ப்-65. 2003-ல் வெளியானது. அதில் ஐந்து விஷயங்கள்: குழப்பம், ரத்தத்தில் யூரியா, நிமிஷத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு, குறைந்த ரத்த அழுத்தம், வயது 65 அல்லது அதற்கு மேல். யூரியாவை விட்டுவிட்டு நாலே விஷயத்தோடு கிளினிக்கில் பயன்படுத்தும் வடிவமும் உண்டு. இரண்டிலும் சிஆர்பி கிடையாது. வீட்டில் பெரியவர் ஒருவர் இருமலோடு படுத்திருந்தால், ரிப்போர்ட் வரும் வரை காத்திருக்காமல் ஒரு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்து அவர் மூச்சை எண்ணுங்கள். பேச்சில் தடுமாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு 30-ஐத் தொட்டாலோ ஆள் குழம்பிப் பேசினாலோ, சிஆர்பி எவ்வளவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

டாக்டரிடம் கேட்பதற்கும் சில கேள்விகள் இருக்கின்றன. மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "சார், இந்த டெஸ்ட் எடுக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்னன்னு தோணுது? ரிசல்ட் எப்படி வந்தா உங்க முடிவு மாறும்?" எந்த எண் வந்தாலும் முடிவு மாறாது என்றால் அந்தப் பரிசோதனைக்கு அவசியம் இல்லை. "காய்ச்சல் ஆரம்பிச்சு எத்தனை மணி நேரத்துல எடுத்த ரத்தம் இது? ரெண்டு நாள் கழிச்சு திரும்பப் பாக்கணுமா?" ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்குப் பிறகு முன்னேற்றம் சந்தேகமாக இருந்தால் மறுபடி பாருங்கள் என்று நைஸும் 2014-ல் சொன்னது, எண் இறங்குகிறதா என்பதுதான் அங்கே தகவல். "இந்த இருமல் எத்தனை நாள் இருக்கும்? என்ன ஆனா நான் திரும்ப வரணும்?" இந்தக் கடைசி இரண்டும்தான் நெதர்லாந்து டாக்டர்களுக்கு மெனக்கெட்டுப் பயிற்சி கொடுத்துச் சொல்ல வைத்த விஷயங்கள். நாமாகக் கேட்டால் பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆய்வாளர்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. இனி ஒரு புது ரத்தப் பரிசோதனையைச் சோதிக்கும்போது, அதைச் சோம்பேறியான வழக்கத்தோடு மோதவிடாதீர்கள். நன்றாகக் கேட்டுப் பேசும் ஒரு டாக்டரோடும், ஒரு தெர்மாமீட்டரோடும், ஐந்தாம் நாள் மருந்தை நிறுத்தும் விதியோடும் மோதவிடுங்கள். அதிலும் ஜெயித்தால் காசு கொடுத்து வாங்கலாம்.